முதல் ஸ்கோப் வாங்கும் முன்: எத்தனை மடங்கு, எந்த ரெட்டிக்கிள்?

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கக் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகும். அதே வரிசையில் போவோம்.

ஒலிம்பிக்கில் பார்க்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. இங்கே பேசப்போவது 600 முதல் 1000 கெஜம் வரையிலான சுடுதலைப் பற்றி. இங்கிலாந்தின் பிஸ்லி, அமெரிக்காவின் கேம்ப் பெர்ரி போன்ற சுடுதளங்களில் நடப்பது அது.

படி 1: எதைச் சுடப்போகிறீர்கள்?

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். முதலாவது எஃப்-கிளாஸ். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்கர்சனின் பெயரிலிருந்துதான் அந்த 'எஃப்' வந்தது. தரையில் படுத்து, துப்பாக்கியின் முன்பக்கத்தை பைபாடிலோ (இரண்டு கால் தாங்கி) ரெஸ்ட்டிலோ தாங்கவைத்து, தூரம் தெரிந்த காகித இலக்கைச் சுட வேண்டும். இரண்டாவது, பிஆர்எஸ், அதாவது 'பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ்' என்ற போட்டித் தொடரின் பாணியில் இரும்புத் தகடுகள். ஒவ்வொரு தகடும் வெவ்வேறு தூரத்தில் இருக்கும், நிலை மாறிமாறிச் சுட வேண்டும், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் போதும் என்று விற்பனையாளர் சொல்வார். சமாளிக்கலாம், ஆனால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

படி 2: எம்ஓஏவா, மில்லா?

இரண்டுமே குறியை எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்லும் கோண அளவுகள். எம்ஓஏ என்றால் 'மினிட் ஆஃப் ஆங்கிள்', ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; மில் என்றால் மில்லிரேடியன். ஒரு எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் ஏறக்குறைய பத்தரை அங்குலம். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 1000 மீட்டரில் ஒரு மீட்டர். எது உசத்தி என்ற சண்டை வீண். எஃப்-கிளாஸ்காரர்கள் பெரும்பாலும் எம்ஓஏவில் பேசுவார்கள், பிஆர்எஸ்காரர்கள் மில்லில். உங்கள் பக்கத்தில் படுத்துச் சுடுகிறவர் எதில் பேசுகிறாரோ, அதையே எடுங்கள்.

டரெட்டும் (குறியைத் திருத்தத் திருப்பும் குமிழ்) ரெட்டிக்கிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே அலகில் இருக்கின்றனவா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பழைய ஸ்கோப்புகளில் ரெட்டிக்கிள் மில்லிலும் டரெட் எம்ஓஏவிலும் இருப்பதுண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3.44 ஆல் பெருக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

படி 3: மடங்கு

எஃப்-கிளாஸில் 1000 கெஜ இலக்கின் 10 புள்ளி வளையம் 10 அங்குல விட்டம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். 10 மடங்கில் பார்த்தால் அது வெறும் கண்ணுக்கு 100 கெஜத்தில் இருப்பதுபோலத் தெரியும். 25 மடங்கில் 40 கெஜம், 50 மடங்கில் 20 கெஜம். அப்படியென்றால் 50தானே நல்லது?

காலை நேரத்தில், ஆம். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் கானலையும் ஸ்கோப் அதே அளவுக்குப் பெரிதாக்கும். வளையங்கள் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும். அப்போது அனுபவசாலிகள் 50லிருந்து 30க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுவார்கள். ஆனால் கானல் முழுக்க எதிரியும் அல்ல: அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும்.

வெளிச்சமும் குறையும். முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மடங்கு என்றால் 2 மில்லிமீட்டர். அதற்கும் கீழே போகப்போக மேகமூட்டமான நாளில் படம் மங்கும், கண்ணை மிகச் சரியான இடத்தில் வைக்கவும் வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை: எஃப்-கிளாஸுக்கு 10-50 அல்லது 15-55 போன்ற வீச்சு. தகடுகளுக்கு 5-25 தாராளம். அதிலும் பெரும்பாலான நேரம் 12க்கும் 18க்கும் இடையில்தான் நிற்பீர்கள். அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சுருங்கி, அடுத்த தகட்டைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

படி 4: ரெட்டிக்கிள் எந்தத் தளத்தில்?

முதல் குவியத்தளம், அதாவது எஃப்எஃப்பி ஸ்கோப்பில், மடங்கைக் கூட்டினால் ரெட்டிக்கிளும் சேர்ந்து பெரிதாகும். அதனால் ஒரு மில் கோடு எந்த மடங்கிலும் ஒரு மில்தான். இரண்டாம் குவியத்தளத்தில், அதாவது எஸ்எஃப்பியில், ரெட்டிக்கிள் மாறாது, படம் மட்டும் மாறும். அளவுக் கோடுகள் ஒரு குறிப்பிட்ட மடங்கில் மட்டுமே சரியாக இருக்கும். பெரும்பாலும் அது உச்ச மடங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 800 மீட்டரில் காற்றுக்காக அரை மில் தள்ளிக் குறிவைக்கிறீர்கள்: 40 சென்டிமீட்டர். 25 மடங்கில் சரியாக இருக்கும் எஸ்எஃப்பி ஸ்கோப் இப்போது 12.5இல் நிற்கிறது என்றால், அதே கோடு ஒரு மில் ஆகிவிடும். குறி 80 சென்டிமீட்டர் தள்ளிப்போகும், தகட்டில் படாது. எனவே தகடுகளுக்கு எஃப்எஃப்பிதான். காற்றுக்கும் உயரத்துக்கும் சேர்த்துப் புள்ளிகள் விரியும் மர வடிவ ரெட்டிக்கிள் அங்கே உதவும்.

எஃப்-கிளாஸில் கதை வேறு. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு இலக்கைக் கீழே இறக்கி, துளையில் அடையாளம் வைத்து ஏற்றுவார்கள். முந்தைய குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து, இலக்கின் வளையங்களையே அளவுகோலாக வைத்துத் தள்ளிக் குறிவைக்கலாம். மரமும் கிளையும் அங்கே வெறும் இடைஞ்சல். எஸ்எஃப்பியில் மெல்லிய குறுக்குக்கோடு, நடுவில் சிறு புள்ளி, போதும்.

கோட்டின் தடிமனை விவரக்குறிப்பில் தேடிப் படியுங்கள். கால் எம்ஓஏ தடிமன் என்றால் 1000 கெஜத்தில் 2.6 அங்குலம், எக்ஸ் வளையத்தில் பாதியை அதுவே மறைத்துவிடும். எஃப்எஃப்பியில் மறுமுனையையும் பாருங்கள்: மிகக் குறைந்த மடங்கில் கோடு மயிரிழையாகிக் கண்ணுக்கே அகப்படாமல் போகலாம்.

படி 5: கையில் எடுத்துப் பார்க்கும்போது

வெள்ளைச் சுவரையோ வானத்தையோ நோக்கிச் சட்டென்று பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம். ரெட்டிக்கிள் முதல் பார்வையிலேயே கூர்மையாகத் தெரியும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் பாரலாக்ஸ்: ஸ்கோப்பை அசையாமல் வைத்துத் தலையை லேசாக அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரக்கூடாது. பாரலாக்ஸ் குமிழில் அச்சிட்ட தூரத்தை நம்பாமல், நகர்வு நிற்கும்வரை திருப்புங்கள்.

கடைசியாக, டரெட்டின் மொத்த உயர நகர்வு. 100 கெஜத்தில் ஜீரோ செய்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த, .308 (குண்டு அளவு) துப்பாக்கிக்கு 1000 கெஜம் போக ஏறக்குறைய 40 எம்ஓஏ தேவை. ஸ்கோப்பின் மொத்த நகர்வு 60 என்றால், பாதி கீழ்நோக்கிப் போய்விடுவதால் மேல்நோக்கிக் கிடைப்பது சுமார் 30தான். முன்பக்கம் சரிந்த 20 எம்ஓஏ ரெயிலின்மேல் (துப்பாக்கியில் ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தண்டு) பொருத்தினால் அது 50 ஆகும். ஸ்கோப் வாங்கும் அன்றே அந்த ரெயிலையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.