வெளிநாட்டு ஆன்டீக் (பழங்கால) துப்பாக்கி வாங்கணுமா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

அமெரிக்கால 1898க்குள்ள செஞ்ச துப்பாக்கின்னா ஃபெடரல் சட்டப்படி அது ஆன்டீக், அதனால விக்கிறவன் லைசென்ஸே வேணாம், உலகம் பூரா அனுப்புறேன்னு தைரியமா போட்டிருப்பான். அது அவன் ஊர் கதைங்க. பார்சல் சென்னைல இறங்கிட்டா நம்ம 1959 ஆயுதச் சட்டம்தான், அதுல 10வது பிரிவுப்படி ஆயுதம் இறக்குமதி பண்ண தனியா லைசென்ஸ் வேணும். இல்லாம கொண்டு வந்தா ஜெயில் தண்டனை வரைக்கும் போகலாம்.

முழு துப்பாக்கி வேணாம், பேரல் (குழல்) மட்டும், லாக் (சுட வைக்கிற விசை) மட்டும் தனித்தனி கவர்ல வரவழைச்சுக்கலாம்னு சிலர் ஐடியா குடுப்பாங்க, கேக்காதீங்க. சட்டத்துல ஆயுதம்ங்கறதுக்குள்ளயே பாகங்களும் அடக்கம்.

45வது பிரிவுல ஒரு விலக்கு இருக்கு, உண்மைதான். பழங்கால மதிப்புள்ளது, வழக்கொழிஞ்சதுன்னா சட்டம் பொருந்தாது, ஆனா ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாததா இருக்கணும். மாட்டிக்கிறது இங்கதான். நம்ம கிராமங்கள்ல வெடிமருந்து இடிச்சு சுடுற நாட்டுத்துப்பாக்கிக்கு இன்னும் லைசென்ஸ் வெச்சிருக்காங்க, அப்ப 150 வருஷத்து மஸ்கட் (நீளக் குழல் பழைய துப்பாக்கி) ஒண்ண கஸ்டம்ஸ்காரர் செத்த இரும்புன்னு எப்படி ஒத்துப்பார்? 2020ல க்யூரியோ (சேகரிச்சு வெக்கிற அரிய பொருள்) வகை துப்பாக்கிய வெச்சிருக்க லைசென்ஸ் வேணாம்னு விதி வந்துச்சு, ஆனா எடுத்துட்டுப் போகவும் சுடவும் வேணும், இறக்குமதி வேற விஷயம்.

அதனால முதல்ல பேப்பர், அப்புறம் பணம். விக்கிறவன்கிட்ட பேரல், லாக், முத்திரை எல்லாத்துக்கும் கிட்டத்துல எடுத்த போட்டோ, செஞ்ச வருஷத்துக்கு ஆதாரம் வாங்குங்க. அத வெச்சு சென்னை வேப்பேரி போலீஸ் கமிஷனர் ஆபீஸ் ஆயுத லைசென்ஸ் பிரிவுல எழுத்துல கேளுங்க, வாய்ல சொன்ன பதில் நாளைக்கு உதவாது. அனுமதி கைக்கு வந்தாலும் தபால்ல வேணாம், துப்பாக்கி அனுப்பிப் பழகின ஷிப்பர், இங்க மீனம்பாக்கம் கார்கோல கஸ்டம்ஸ் வேலைய முடிச்சுக் குடுக்குற ஒரு கிளியரிங் ஏஜென்ட்னு போங்க. கஸ்டம்ஸ் டெக்லரேஷன்ல அலங்காரப் பொருள்னு எழுதச் சொல்லவே கூடாது, எக்ஸ்ரேல அப்படியே தெரியும், அப்புறம் பறிமுதலோட பொய் சொன்ன கேஸும் சேரும்.

என்னக் கேட்டா, பாக்குற ஆசைக்கு எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் போதும். வீட்ல வெக்க ஏதாவது வேணும்னா அந்தக் காலத்து துப்பாக்கி கேட்டலாக், இல்ல துப்பாக்கி வெடிமருந்து வெக்கிற காலிக் குடுவை வாங்குங்க. குடுவைய மட்டும் நல்லா கழுவி அனுப்பச் சொல்லுங்க, உள்ள பழைய வெடிமருந்து ஒட்டியிருந்தா அது வெடிபொருள் கணக்குல போயிடும்.