முடிச்சுப் பழக பனியன் துணி

சாரணியர் பிள்ளைகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்கக் கயிறு வாங்க வேண்டாம். திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட்டில் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறம் எடுத்து, 2 அங்குல அகலத்தில் நீள நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். துண்டை இரு முனையிலும் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓரம் சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். சின்னப் பிள்ளைகளின் கையை அறுக்காது.

நிறம்தான் இதில் முக்கியம். சிவப்புத் துண்டின் முனையையும் நீலத் துண்டின் முனையையும் சேர்த்து ரீஃப் நாட் (இரண்டு கயிற்று முனைகளை இணைக்கும் முடிச்சு) போடச் சொல்லுங்கள். அது சரியாக விழுந்தால் சிவப்பின் இரண்டு இழையும் நீல வளையத்துக்கு ஒரே பக்கமாகச் சேர்ந்து வெளியே வரும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தால் அது கிரானி நாட், வழுக்கிவிடும். நாம் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளைகளே பக்கத்திலிருப்பவளின் முடிச்சைத் திருத்திவிடுவார்கள்.

சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட்டில் வரும் மெல்லிய பின்னல்) துணியாகப் பார்த்து எடுங்கள். ரிப், இன்டர்லாக் என்ற மற்ற வகைப் பின்னல் துணி சுருளாது. அப்புறம், இந்தத் துணி இழுபடும். கம்புகளைச் சேர்த்துக் கட்டவும் கூடாரம் இழுத்துக் கட்டவும் நல்ல கயிறுதான் வேண்டும்.