பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டைக் கழுவி எடுப்பது எப்படி

பாதி விலைக்குக் கூண்டு கிடைக்கிறதென்றால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனால் சில கூண்டுகள் எவ்வளவு கழுவினாலும் பறவைக்கு ஆகாது. பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

முதலில் கம்பி இடைவெளி. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பட்ஜீஸுக்கு அது அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பழைய கூண்டுகள் பலவும் பச்சைக்கிளிக்காகச் செய்தவை (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கிளியை இப்போது வீட்டில் வளர்க்க முடியாது). அந்த அகல இடைவெளியில் சின்னப் பறவையின் தலை சிக்கிக்கொள்ளும். அடுத்து பெயின்ட். உரிந்து வரும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பட்ஜீஸோ நாள் முழுக்கக் கம்பியைக் கடிக்கும். உரிந்திருந்தால் வாங்காதீர்கள். கடைசியாகத் துரு. ஜிஐ கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) செந்துரு ஏறிவிட்டால் துத்தநாகப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், அதுவும் வேண்டாம். வெள்ளையாய் மாவு படிந்தது போல் (வெள்ளைத் துரு) மட்டும் இருந்தால் சரிசெய்யலாம்.

காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான்: கூண்டு வந்ததும் கரண்டியோ பிரஷ்ஷோ எடுத்துச் சுரண்டத் தொடங்குவது. பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக் காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா காய்ந்த எச்சத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுரண்டும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுத்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. முன்பு அந்தக் கூண்டில் இருந்த பறவை பார்வைக்கு நன்றாக இருந்திருந்தாலும் கிருமியைச் சுமந்திருக்கலாம்.

அதனால் வேலையை மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைத் தொட்டியில் வேண்டாம். ரப்பர் கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். துணி மாஸ்க் இதற்குப் போதாது. கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் பக்கத்தில் வர வேண்டாம். வீட்டில் வேறு பறவை இருந்தால் அதன் கூண்டைத் தொலைவில் வையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, எச்சத்தின் மேல் மெதுவாக ஊற்றி 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஹோஸ் பைப்பால் பீய்ச்சினால் துளிகளோடு கிருமியும் தெறிக்கும். ஊறியதும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் குழைந்து வந்துவிடும். வழித்ததைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கவர் போட்டுக் கட்டி எறியுங்கள். மரக்குச்சி, கூடு வைத்த மண்பானை, மரப்பெட்டி, கயிறு எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். நுண்துளைக்குள் போன கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. புதுக் குச்சிக்கு ஒரு வேப்பங்கிளை போதும்.

பிறகு புதுச் சோப்புத் தண்ணீரில் முழுக் கூண்டையும் தேய்க்க வேண்டும். கதவுக் கீல், கம்பி சேரும் முடிச்சு, ட்ரே நுழையும் தடம் ஆகிய இடங்களுக்குப் பழைய டூத் பிரஷ். மூலைகளில் சாம்பல் தூவியது போல் தெரிந்தால் சிவப்பு உண்ணி இருக்கிறது. உண்ணிக்குக் கொதிநீர்தான் மருந்து. இரும்புப் பாகத்தில் மட்டும் ஊற்றுங்கள் (பிளாஸ்டிக் ட்ரே நெளிந்துவிடும்), ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

வெள்ளைத் துருவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கடின பிரஷ்ஷால் தேயுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், நல்ல பூச்சையும் அரித்துவிடும். டாய்லெட் ஆசிட் அதைவிட வேகமாகப் பூச்சை உரித்துவிடும், கிட்டவே கொண்டுவராதீர்கள். இந்த வெள்ளை மாவு வயிற்றுக்குள் போனால் துத்தநாக விஷம் ஏறி, பறவை வாந்தி எடுக்கும், சோர்ந்து உட்காரும், கால் வலுவிழக்கும்.

ப்ளீச் கடைசியில்தான்

வினிகர் துளியும் மிஞ்சாமல் அலசிக் காயவைத்த பிறகே ப்ளீச். வினிகரோ ஆசிடோ ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதேபோல அழுக்கு மிச்சமிருக்கும் இடத்தில் ப்ளீச் வேலை செய்யாது, அழுக்கோடு வினைபுரிந்தே வீரியம் தீர்ந்துவிடும்.

அளவு: வாசனை சேர்க்காத 4 அல்லது 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 30 மி.லி., தண்ணீர் 1 லிட்டர். அன்றன்றைக்குக் கலக்குங்கள். ப்ளீச்சிங் பவுடர் ஈரம் பட்டு வீரியம் குறைந்திருக்கும் என்பதால் அளவு பிடிபடாது. ஃபினாயிலின் நெடியே பறவைக்கு ஆகாது.

நிழலில் வைத்துத் துணியால் தடவி, 10 நிமிடம் கம்பி ஈரமாகவே இருக்கும்படி பாருங்கள். நம் வெயிலில் இரண்டே நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். தீனிக் கப்பையும் ட்ரேயையும் அதே கரைசலில் முக்கிவிடலாம். பத்து நிமிடம் ஆனதும் மூன்று நான்கு தடவை நன்றாக அலசுங்கள். ப்ளீச் தங்கினால் கம்பியை அரித்து மறுபடி வெள்ளைத் துரு வரும். பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும். மூக்கை வைத்துப் பார்த்துக் குளோரின் வாடை அறவே இல்லையென்றால் பறவையை விடலாம்.

கழுவிய இரண்டு வாரத்துக்குள் உங்களுக்குக் காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் பழைய பறவைக் கூண்டு கழுவியதை நீங்களாகவே சொல்லுங்கள். கிளிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும், ஆனால் சொல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை.