வங்காள வீட்டுச் சாப்பாடு: கசப்பை மாற்றப் போகாதீர்கள்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நான்கு வருஷம் வாடகைக்கு இருந்தேன். தமிழர்கள் பல காலமாக இருக்கும் பகுதி, வாழை இலையும் கறிவேப்பிலையும் நினைத்த நேரத்தில் கிடைக்கும். கீழ்வீட்டு அம்மாவைத் தெருவே 'மாஷிமா' என்று கூப்பிடும், நாம் பெரியம்மா என்பது போல. வங்காளச் சமையலில் என் தவறுகளெல்லாம் அவர் அடுப்பருகில்தான் எனக்குப் புரிந்தன.

முதல் தவறு சுக்தோவில். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் சேரும் பதார்த்தம். நம் வீட்டு வழக்கப்படி பாகற்காயில் உப்புப் பிசறி, கசப்பைப் பிழிந்து கொட்டிவிட்டு, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு, கொஞ்சம் புளியும் விட்டு எடுத்துப்போனேன். மாஷிமா முழுவதையும் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "வா மா, பக்கத்தில் உட்கார்" என்று கூப்பிட்டார்.

முதலில் பருப்பு வடகத்தைப் பொரித்து எடுத்துவைத்தார். அடுத்து பாகற்காயை அப்படியே, பிழியாமல் வதக்கித் தனியாக வைத்தார். அதே எண்ணெயில் பிரிஞ்சி இலையும் பாஞ்ச் போரோனும் தாளித்து, வேக நேரமாகும் காய்களை முன்னாலும் மென்மையானவற்றைப் பின்னாலும் போட்டார். இஞ்சி விழுது, கொஞ்சம் கடுகு விழுது. காய் வெந்த பிறகே பாகற்காய் உள்ளே போனது. கடைசியில் பால், ஒரு கரண்டி நெய், வறுத்துப் பொடித்த ராதுனி என்ற வாசனை விதை. மஞ்சள் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. வெளிறிய நிறத்தில், மெல்லிய கசப்போடு இருந்தது. மதியச் சாப்பாட்டில் சோற்றோடு முதலில் இதைத்தான் சாப்பிட வேண்டும். வெயிலில் செத்துப்போன நாக்குக்கு அந்தக் கசப்புதான் உயிர் கொடுக்கிறது. அதைப் பிழிந்து வெளியே கொட்டிவிட்டால் அது வேறு ஏதோ கூட்டு. ராத்திரியில் இதைச் செய்ய மாட்டார்கள்.

பாஞ்ச் போரோன் என்பது சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு, ராதுனி ஐந்தும் கலந்த தாளிப்பு. நம் ஊரில் ராதுனி கிடைக்காது. பார்க்க ஓமம் போலத்தான் இருக்கும், அதற்காக ஓமத்தைப் போட்டுவிடாதீர்கள், வாசனை முழுக்க மாறிவிடும். அதன் இடத்தில் கடுகு போடுங்கள், வங்காளத்திலேயே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தாளிக்கும்போது முழுதாகவே போட வேண்டும். எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் வெந்தயம் முதலில் கருகும். அந்தக் கசப்பு யாருக்கும் வேண்டாத கசப்பு.

வேண்டாத கசப்பு வரும் இன்னொரு இடம் கடுகு விழுது. மிக்சியில் நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறிக் கசந்துவிடும். கடுகை ஊறவைத்து, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து, குளிர்ந்த நீர் கொஞ்சமாக விட்டு, விட்டுவிட்டு அரைக்க வேண்டும். மாஷிமா அம்மியில்தான் அரைப்பார். கருப்புக் கடுகு மட்டும் போட்டால் காரம் மூக்கில் ஏறும், பாதி மஞ்சள் கடுகு சேர்த்தால் இதமாக இருக்கும். விழுதைச் சேர்த்த பிறகு ரொம்ப நேரம் கொதிக்க விடாதீர்கள். கடுகெண்ணெயை லேசாகப் புகை வரும்வரை காயவிட்டு, தணலைக் குறைத்து, அப்புறம் தாளிக்க வேண்டும். பச்சை வாசனையோடு தாளித்துவிட்டுப் பிறகு எண்ணெயைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

சர்க்கரை பற்றி ஒரு வரி: ஒரு சிட்டிகைதான், இனிப்பு தெரியக் கூடாது.

சரி, அடுப்பை விட்டு வெளியே வருகிறேன். என்னை இன்றும் உறுத்தும் தவறு சாப்பாட்டு மேசையில் செய்தது. வங்காள சைவச் சமையலைப் புகழாதவர்கள் இல்லை. கசகசா போட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பூ, வாழைத்தண்டு, சுரைக்காய்த் தோல் வதக்கல், கடலைப்பருப்பில் செய்த தோகா. நானும் புகழ்ந்தேன். "இவ்வளவையும் யார் கண்டுபிடித்தார்கள் மாஷிமா?" என்று கேட்டேன்.

"விதவைகள்" என்றார்.

மேல்சாதி வீடுகளில் கணவனை இழந்தவளுக்கு மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டு, மைசூர் பருப்புகூடக் கிடையாது. ஏகாதசியன்று பல வீடுகளில் தண்ணீரும் இல்லை. எட்டு, பத்து வயதில் கல்யாணமாகித் தாலி பாக்கியம் போன பெண்களுக்கும் இதே விதிதான். வங்காளச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடி 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. சாப்பாட்டு விதிகளோ அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பல வீடுகளில் அப்படியே இருந்தன. மிச்சமிருந்த தோலையும் தண்டையும் பருப்பையும் வைத்து அந்தப் பெண்கள் சமைத்ததைத்தான் நாம் இன்று ருசி என்கிறோம். அதை ரசிப்பது தவறில்லை. விரும்பி எளிமையாக வாழ்ந்த பெண்களின் கைப்பக்குவம் என்று எழுதுகிறார்களே, அதுதான் தவறு. மாஷிமாவின் அத்தை, அவர்கள் பேச்சில் 'பிஷிமா', பன்னிரண்டு வயதில் விதவையானவராம். "அவர் கையால் எவ்வளவோ சாப்பிட்டோம். பிஷிமா, உனக்குப் பசிக்கிறதா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை" என்றார் மாஷிமா.

மாஷிமாவும் கணவரை இழந்தவர். அது தெரிந்திருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய நாத்தனார் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "மாஷிமா, நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான். அவர் கை சோற்றிலேயே நின்றது. "வயிறு சரியில்லை" என்றார். நாத்தனார் குனிந்து தன் தட்டைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்கவே கூடாது. இல்லை என்ற பதிலைத் தவிர வேறெதையும் சொல்ல அவருக்கு வழி இருக்காது.

மழைக்காலத்தில் இலிஷ், நம் ஊர் உல்லம் மீன், வாங்கிக் கடுகில் வைத்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வழக்கமாக ஆண்களுக்கும் மாப்பிள்ளைக்கும் போகும் வயிற்றுத் துண்டை எடுத்து, எதுவும் கேட்காமல் அவர் தட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மாஷிமா விரல் நுனியால் முள்ளைப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.