நிகழ்ச்சித் தேதி நகராது: திட்டமுறையைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு புதிய குழு தங்கள் முதல் கருத்தரங்குக்குத் திட்டமிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர் முழுக்க வண்ண ஒட்டுத்தாள்கள். செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று பத்திகள். "நாங்க அஜைல் முறையிலதான் போறோம் சார்" என்றார் குழுத்தலைவர், கொஞ்சம் பெருமையாகவே. வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து பார்த்து, வழியிலேயே திருத்திக்கொண்டு போகிற முறை அது. எல்லாம் இருந்தது. நிகழ்ச்சி எந்தத் தேதியில் என்பது மட்டும் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் நான் இதே மாதிரி ஒரு சுவருக்கு முன்னால் இதே பெருமையோடு நின்றிருக்கிறேன்.

பட்ஜெட் போடாமல் இறங்குவது, பொறுப்பாளர் இல்லாமல் நடத்துவது, பேசியதை எழுதி வைக்காமல் விடுவது இதெல்லாம் தவறு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே உள்ளே புகுந்துவிடுகிற, பார்த்தால் தவறு மாதிரியே தெரியாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆப் வாங்கியதும் முறை வந்துவிட்டது என்று நினைப்பது

சந்தா கட்டி வாங்கியது வெறும் பலகை. அதில் எதை, எந்த வரிசையில் எழுதுவது என்ற தலைவலி அப்படியேதான் இருக்கிறது.

முக்கியத்துவத்தைப் பார்த்து வேலைகளை வரிசைப்படுத்துவது

இதில்தான் நான் சூடு பட்டேன். இன்றைக்கும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

மென்பொருள் வேலையிலிருந்து நிகழ்ச்சி ஏற்பாட்டுக்கு வந்தவன் நான். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறை கையில் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. இரண்டு நாள் கருத்தரங்கு, கையில் 14 வாரம். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஏழு ஸ்பிரிண்ட், அதாவது ஏழு வேலைச் சுற்று என்று பிரித்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் பேக்லாக் என்ற வேலைப் பட்டியலில் கொட்டி, எது அதிக மதிப்புள்ளதோ அதை மேலே ஏற்றினோம். பேச்சாளர்கள் மேலே. இணையதளம் அடுத்து. அப்புறம் பதிவு, விளம்பரம், ஸ்பான்சர். உடனுக்குடன் மொழிபெயர்ப்புக்கான பூத், ஹெட்செட், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் கீழே போனார்கள். வருபவர்களில் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அது தேவை. மதிப்புக் கணக்குப்படி கீழேதான் போக வேண்டும். கணக்கில் தப்பே இல்லை.

பத்து வாரம் அருமையாகப் போனது. மீதி வேலை குறைவதைக் காட்டும் பர்ன்டவுன் சார்ட் பாடப்புத்தகத்தில் இருப்பது போலச் சரிந்து இறங்கியது. அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியது கூட நினைவிருக்கிறது. ஆறாவது ஸ்பிரிண்டின் முதல் நாள் மொழிபெயர்ப்பு அட்டை மேலே வந்தது. சப்ளையரைக் கூப்பிட்டோம். "ஆறு வாரம் முன்னாடி சொல்லணுமே" என்றார். எங்களிடம் இருந்தது நான்கு வாரம்.

கருவியாவது எங்கிருந்தாவது கிடைக்கும். ஆட்கள்தான் கிடைக்கவில்லை. ஒரு மொழிக்கு ஒருவர் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வேலையில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒருவரே தொடர்ந்தால் தரம் விழுந்துவிடும். போதாதற்கு, உரைகளையும் படங்களையும் முன்கூட்டியே கேட்டார்கள், கலைச்சொற்களுக்குத் தயாராக. அதைக் கேட்டு வாங்கும் வேலை எங்கள் பேக்லாக்கிலேயே இல்லை. கடைசியில் வேறு ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவில் ஒரு ஜோடியை வரவழைத்தோம். அரங்கு இரண்டு, ஜோடி ஒன்று. இரண்டாவது அரங்கில் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கே தவறினோம்? ஸ்க்ரம் முறையில் பேக்லாக்கை வரிசைப்படுத்துவது ப்ராடக்ட் ஓனரின் பொறுப்பு. அவர் பெரும்பாலும் பயனை வைத்து வரிசை போடுவார். மென்பொருளில் அது சரி. ஒரு வசதி இந்த வெளியீட்டில் முடியாவிட்டால் அடுத்ததில் போகும். நிகழ்ச்சிக்கு அடுத்த வெளியீடு கிடையாது. காலம், செலவு, வேலையின் அளவு என்று திட்டத்துக்கு மூன்று பிடிகள் சொல்வார்கள். நிகழ்ச்சியில் முதல் பிடி ஆணி அடித்தாகிவிட்டது. அப்புறம் நழுவுவதெல்லாம் மற்ற இரண்டில்தான் போய் விழும். எங்களுக்கு இரண்டிலுமே விழுந்தது.

அஜைல் முறையைக் குறை சொல்லவில்லை. 2001-ல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் தலைப்பிலேயே மென்பொருள் உருவாக்கம் என்றுதான் இருக்கிறது. திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்று சொன்னவர்கள், திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நான்தான் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் மதிப்பை எழுதுவதில்லை. கேட்ட பிறகு கைக்கு வர எத்தனை நாள், கேட்பதற்கு முன்னால் நாங்கள் முடிவெடுக்க எத்தனை நாள் என்ற இரண்டை மட்டும் எழுதுகிறேன். நிகழ்ச்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த வேலையைத் தொட்டே ஆக வேண்டிய கடைசித் தேதி வந்துவிடும். மொழிபெயர்ப்புக்கே போட்டுப் பாருங்கள். சப்ளையருக்கு ஆறு வாரம். கொட்டேஷன் வாங்கி ஒப்பிட ஒரு வாரம். ஒப்புதலும் அட்வான்ஸும் இன்னொரு வாரம். ஆக, எட்டு வாரம். 14 வாரத் திட்டத்தில் ஆறாவது வாரம் முடிவதற்குள் கையில் எடுத்தாக வேண்டும், அதாவது மூன்றாவது ஸ்பிரிண்ட் தாண்டக் கூடாது. நாங்கள் தொட்டது ஆறாவதில். வரிசை போட இந்தக் கடைசித் தேதி மட்டும் போதும். மதிப்பு எதற்கு என்றால், பணமோ ஆளோ குறைந்தால் எதை வெட்டுவது என்று முடிவு செய்ய.

தேதிகள் வந்த பிறகு எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கோடு போடுங்கள். 1950-களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனம் ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய 'கிரிட்டிக்கல் பாத்' முறை இதுதான். அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு 'பெர்ட்' என்று இதற்கு நெருங்கிய ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஒரு தாளும் பென்சிலும் போதும். தொடக்கம் முதல் முடிவு வரை போகிற சங்கிலிகளில் எது நீளமோ அதில் ஒரு நாள் பிந்தினால் எல்லாமே ஒரு நாள் பிந்தும். மற்றவற்றில் சில நாள் பிந்தினால் பாதகமில்லை. எங்கள் விஷயத்தில் பேச்சாளர் உறுதியாவது, உரை கைக்கு வருவது, மொழிபெயர்ப்பாளர் தயாராவது என்று ஒரு சங்கிலி இருந்திருக்கிறது. கோடு போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். மேடை அலங்காரத்துக்கு இரண்டு கூட்டம் போட்டவர்கள் நாங்கள்.

அதற்காக மொத்தத்தையும் கேன்ட் சார்ட்டில் பூட்டுவது

சூடு பட்டதும் எதிர்ப்பக்கம் ஓடினேன். அடுத்த நிகழ்ச்சிக்கு 240 வரியில் ஒரு கேன்ட் சார்ட், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தேதிவாரியாக ஒரு பட்டை போட்ட அட்டவணை. மூன்றாவது வாரத்திலேயே அது பழைய செய்தித்தாள் ஆகிவிட்டது. ஒரு பேச்சாளர் நேரத்தை மாற்றினால் நாற்பது பட்டைகள் நகர்ந்தன. அதை நகர்த்துவதற்கென்றே ஒருவர் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். வேலை செய்ய வேண்டியவர், வேலையின் படத்தை வரைந்துகொண்டிருந்தார்.

இப்படி எல்லாவற்றையும் முதலிலேயே பூட்டிவிட்டு, ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று போவதற்கு மென்பொருளில் வாட்டர்ஃபால் முறை என்று பெயர். அதன் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸைச் சொல்வார்கள். அவருடைய 1970 கட்டுரையில் அந்தச் சொல்லே கிடையாது. படிப்படியாக ஒரே மூச்சில் இறங்கும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் அவர் எழுதினார். படம் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை.

நிகழ்ச்சி வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். அரங்கு, அனுமதி, கருவி வாடகை, பயண ஏற்பாடு, அச்சு போன்ற வேலைகளில் வெளியாட்களின் தேதி இருக்கும், மாற்றினால் காசு போகும். இவை மட்டும் தேதித் திட்டத்தில் போகட்டும். பெரும்பாலும் முப்பது நாற்பது வரிக்கு மேல் வராது. நிகழ்ச்சி நிரலின் உள்ளடக்கம், விளம்பரம், சமூக ஊடகப் பதிவுகள் எல்லாம் கடைசி வரை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு, அட்டைகளைப் பத்தி பத்தியாக நகர்த்தும் கான்பான் பலகை போதும்.

பலகையில் இன்னும் இரண்டு விஷயம். டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த கான்பானின் உயிரே கையில் இருக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வைப்பதில்தான் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் எடுக்கக் கூடாது. வரம்பு இல்லாத பலகை வெறும் பட்டியல்தான். இன்னொன்று, "நடக்கிறது" என்ற பத்தியை நம்பாதீர்கள். நிகழ்ச்சி வேலையில் பாதிக்கு மேல் யாருடைய பதிலுக்காகவோ காத்திருப்பது. அதற்குத் தனிப் பத்தி வையுங்கள். அதில் போகும் ஒவ்வொரு அட்டையிலும் மறுபடி எந்தத் தேதியில் தொலைபேசியில் கேட்பது என்று எழுதுங்கள். தேதி எழுதாத அட்டை அந்தப் பத்திக்குள் போகக் கூடாது.

தினமும் நின்றபடி கூட்டம்

எல்லோரும் முழுநேர ஊழியர்கள் என்றால் 15 நிமிடம் நில்லுங்கள். மாலையில் மட்டும் வரும் தன்னார்வலர்கள் என்றால் வாரம் இரண்டு முறை போதும்.

முடிவெடுப்பவர் இரண்டு பேர்

ஒருவர்.

நிகழ்ச்சி நாளையும் அதே பலகையில் ஓட்டுவது

நிகழ்ச்சி நாள் காலையில் ஒருவர் அட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவரைச் சுற்றி ஆறு பேர் "அடுத்து என்ன?" என்று நின்றார்கள். அன்றைக்கு வேலை செய்வது ரன் ஷீட்தான். நேரம், என்ன நடக்க வேண்டும், யார் செய்வது, எங்கே, எந்தச் சைகை கிடைத்ததும் தொடங்குவது என்று ஐந்து பத்தி. மேடைக்குக் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். அவர் சொல்லாமல் விளக்கும் அணையாது, ஒலியும் ஏறாது.

ரன் ஷீட்டில் பதிப்பு எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். ஒருமுறை ஒலிப்பதிவுக்காரர் கையில் நான்காம் பதிப்பு, அறிவிப்பாளர் கையில் ஆறாம் பதிப்பு. நான்காம் பதிப்பில் இருந்து, ஆறில் நீக்கிவிட்ட ஒரு காணொளிக்காக ஒலிப்பதிவுக்காரர் மைக்கை அணைத்துவிட்டார். நிகழ்ச்சிக்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் மாற்றங்களை நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் வருவதைப் பேனாவால் எல்லாப் படியிலும் திருத்த வேண்டும், எழுதுவது நானாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு நானே பயந்து பாதி மாற்றங்களை வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு.

பாடம் கற்பதை முடிந்த பிறகுக்குத் தள்ளிவைப்பது

ஸ்பிரிண்ட் முடிவில் திரும்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். நிகழ்ச்சிக்காரர்கள் அதை எல்லாம் முடிந்த மறுவாரம் வைக்கிறார்கள். ஒரே ஒரு முறை நடக்கிற நிகழ்ச்சிக்கு அதனால் என்ன லாபம்? செய்து பார்த்துத் திருத்துவது என்ற அஜைல் குணம் நிகழ்ச்சியில் உண்மையாகப் பலன் தருகிற இடம் ஒத்திகைதான்.

பதிவு மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு மேசை போதும்" என்று எல்லா அணியிலும் ஒருவர் சொல்வார். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னால், அலுவலகத்தில் இருக்கும் இருபது பேரை வரிசையில் நிறுத்தி, பெயர் பார்த்து, அட்டை கொடுத்து அனுப்பிப் பாருங்கள். நாங்கள் செய்தபோது ஒருவருக்குச் சராசரியாக 40 விநாடி ஆனது. 400 பேர், இரண்டு மேசை என்றால் 8,000 விநாடி, கிட்டத்தட்ட இரண்டே கால் மணி நேரம். எங்களிடம் தொடக்க உரைக்கு முன் இருந்தது 45 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஆறு மேசை வேண்டும், நுழைவாயிலில் நான்குக்குத்தான் இடம். அடுத்த வாரம் மறுபடி ஒத்திகை பார்த்தோம், இந்த முறை பெயர் அட்டைகளை அகரவரிசையில் முன்கூட்டியே அடுக்கி, சரிபார்ப்பை வரிசையின் தொடக்கத்திலேயே ஒருவர் கைபேசியில் முடித்து அனுப்பும்படி. ஒருவருக்கு 25 விநாடிக்கு இறங்கியது. நான்கு மேசையில் 42 நிமிடம்.