இரவு நேர ஆன்ம சோதனையைச் செய்யும் முறை

ஆன்மாவுக்கு நினைவு, அறிவு, விருப்பம் என்னும் மூன்று ஆற்றல்கள் உண்டு என்று பழங்காலக் கிறிஸ்தவ இறையியலாளரான புனித அகுஸ்தினார் விளக்கினார். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் அவற்றையே தியானத்தின் படிகளாக அமைத்தார். அன்றைய நாளின் சிந்தனை, சொல், செயல்களை இறைவன்முன் ஆராய்ந்து பார்க்கும் கத்தோலிக்க மரபின் ஆன்ம சோதனையையும் இவ்வழியில் செய்யலாம்.

உறங்குமுன் கால்மணி நேரம் ஒதுக்கி, அன்று பெற்ற நன்மைகளுக்கு முதலில் நன்றி கூறி, உள்ளதை உள்ளபடி காணும் ஒளியை இறைவனிடம் கேளுங்கள். நன்றியை விட்டுவிட்டு நேரே குற்றப் பட்டியலுக்குத் தாவுவோரே அதிகம். அது பெரும்பாலும் வெறும் மனச்சோர்வில்தான் முடிகிறது. பின்பு, விழித்தெழுந்த நேரம் தொடங்கி மணிவாரியாக நினைவைச் செலுத்துங்கள். காலையில் தாயிடம் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தால், கோபப்பட்டேன் என்று கடந்துவிடாமல், அதற்கு முன் உள்ளத்தில் எழுந்தது களைப்பா, பொறாமையா, அவமானமா என்று அறிவைக்கொண்டு ஆராயுங்கள். இஞ்ஞாசியாரும் முதலில் சிந்தனையையும், பிறகு சொல்லையும், அதன்பின் செயலையும் பார்க்கச் சொல்கிறார்.

மன்னிப்புக் கேட்டபின் விருப்பத்தின் வேலை தொடங்குகிறது. இனி நல்லபடியாக நடப்பேன் என்னும் பொதுவான தீர்மானம் போதாது; நாளை காலை தாயிடம் முதலில் என்ன பேசுவது என்பதையே முடிவுசெய்து, இயேசு கற்பித்த செபத்தைச் சொல்லி நிறைவுசெய்யுங்கள்.