பிரேக் வேலைக்குப் பிறகு பின்சக்கரம் பிடிக்கிறதா?

பின்னால் டிரம் பிரேக் உள்ள காரில் புது பிரேக் ஷூ (டிரம்மின் உள்ளே உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பகுதி) போட்ட பிறகு வண்டி இழுவையாக ஓடினால், உடனே டிரம்மைக் கழற்ற வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். இரண்டும் கொதித்தால் முதல் சந்தேகம் ஹேண்ட்பிரேக் கேபிள் மேல். ஷூ மாற்றும்போது அதை அதிகமாக முறுக்கிவிடுவது வழக்கம்தான்.

ஒரு பக்கம் மட்டும் என்றால், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கேபிளையும் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றினால் கோளாறு கேபிளில்தான்.

இன்னும் பிடிக்கிறதா? பிடித்திருக்கும்போதே பிளீடர் நிப்பிளை (சக்கரத்தின் பின்பக்கம், பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) லேசாகத் திறந்துவிடுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பது பலருக்கும் தோன்றாத காரணம். வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். (சிந்திய ஆயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும்.)

நிப்பிளைத் திறந்தும் விடவில்லையா, சரி, இப்போது டிரம்மைக் கழற்றலாம். அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது) இறுக்கம், இடம் மாறி மாட்டிய ஸ்பிரிங், துருவில் சிக்கிய வீல் சிலிண்டர் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுவது): மூன்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். நிப்பிளைத் திறந்திருந்தால், பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்து, பிரேக் ஆயில் அளவையும் பெடலையும் சரிபார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள்.